அணைக்கு 600 மீட்டரில் கிராவல் குவாரி: மனுவில் என்ன எழுதுவது?

கேள்வி: கடைமடைக்காரன், ஜனவரி 6

எங்கள் அணை மண் அணை. கரை உயரம் 52 அடி. கரைக்குக் கீழ்ப்புறம் 600 மீட்டர் தள்ளி, ஒரு பட்டா நிலத்தில் 'சாதாரண கல் மற்றும் கிராவல்' குவாரிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். பரப்பு 4.80 ஹெக்டேர். ஊரில் எல்லோரும் சேர்ந்து 'அணை உடைந்துவிடும், அனுமதிக்காதீர்' என்று மனு எழுதுகிறோம். கடைமடைக்கு, அதாவது வாய்க்காலின் கடைசியில் இருக்கும் எங்கள் வயல்களுக்கு, இப்போதே தண்ணீர் ஒழுங்காக வருவதில்லை. இந்த மனு நிற்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஜனவரி 6, இரவு

நிற்காது. அணை உடையும் என்று எழுதினால் எதிர்த்தரப்பு ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து 600 மீட்டரில் பத்தடிக் குழி தோண்டினால் கரைக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்ல வைக்கும். பெரும்பாலான இடங்களில் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். உங்கள் மனு அங்கேயே முடிந்தது.

விண்ணப்பத்தின் தலைப்பை மறுபடி படியுங்கள். 'சாதாரண கல் மற்றும் கிராவல்'. ஊரில் காதில் விழுவது கிராவல் மட்டும்தான். கிராவல் மேலே கிடக்கும் ஆறடி, பத்தடி அடுக்கு. அதை வழித்துவிட்டால் கீழே பாறை. பாறையை எடுக்க வெடி வேண்டும். குழி நாற்பது, ஐம்பது மீட்டர் ஆழம் போகும். சில வருஷம் ஒரு குவாரியில் நடைச்சீட்டு (லாரி நடைக்கான அனுமதிச் சீட்டு) எழுதியவன் என்பதால் சொல்கிறேன், கிராவல் தீர்ந்த பிறகுதான் உண்மையான வேலையே ஆரம்பம்.

ஜனவரி 7

4.80 ஹெக்டேர் என்பதும் தற்செயல் இல்லை. 5 ஹெக்டேர் வரை இருந்தால் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் இல்லாமலே சுற்றுச்சூழல் அனுமதி வாங்கிவிடலாம். முன்பு இதைவிட மோசம், 5 ஹெக்டேருக்குக் கீழே அந்த அனுமதியே தேவையில்லை என்றிருந்தது. பெரிய நிலத்தைத் துண்டு போட்டு, துண்டுக்கு ஒரு குத்தகை என்று வாங்கினார்கள். 2012 பிப்ரவரியில் தீபக் குமார் எதிர் ஹரியானா அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் சின்னக் குத்தகைக்கும் அனுமதி கட்டாயமானது. ஆனால் 5 என்ற கோடு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அதனால்தான் நாட்டில் இத்தனை குவாரிகள் 4.9, 4.85, 4.80. நில அளவையர்களுக்கு 5 வரை எண்ணத் தெரியாது போலிருக்கிறது.

நீங்கள் பார்க்க வேண்டியது: 500 மீட்டர் சுற்றளவில் வேறு குவாரி இருக்கிறதா? இருந்தால் எல்லாவற்றின் பரப்பையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 5-ஐத் தாண்டினால் கருத்துக் கேட்பு நடத்தியே ஆக வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும், ஆட்சியரோ அவர் நியமிப்பவரோ தலைமை தாங்குவார், 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. பேசுகிறவர் சொல்வதெல்லாம் பதிவாகும்.

ஜனவரி 7, பின்மாலை

சிறு கணக்கு. 4.80 ஹெக்டேரில் 2 மீட்டர் கிராவல் என்றால் 96,000 கன மீட்டர். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆக, ஏறக்குறைய 34,000 யூனிட். 6 யூனிட் டிப்பர் என்றால் 5,600 நடைக்கு மேல். கல் இதில் சேரவில்லை.

இந்த டிப்பர்கள் எந்த வழியாகப் போகும்? உங்கள் பக்கத்தில் வாய்க்கால் கரைதானே சாலை? கரையும், வாய்க்கால் குறுக்கே இருக்கும் சிறு பாலங்களும் மாட்டு வண்டிக் காலத்தில் கட்டியவை. அணை உடைவதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் வாய்க்கால் கரையைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. உடைந்தால் முதலில் உடையப்போவது அதுதான். உடைந்த இடத்துக்குக் கீழே இருப்பவர் நீங்கள்.

ஜனவரி 9

'ஓய்வு உ.பொ.' (ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர்) என்ற பெயரில் எழுதும் சார் கேட்டிருக்கிறார்: அணையைக் கட்டவே பக்கத்தில் தோண்டிய கிராவலைத்தானே பயன்படுத்தினார்கள், அப்போது வராத ஆபத்து இப்போது எப்படி வரும்?

நல்ல கேள்வி, சார். நானும் அதை நினைத்துச் சிரித்ததுண்டு. ஆனால் கட்டியவர்கள் எங்கே தோண்டலாம், கரை அடிவாரத்திலிருந்து எவ்வளவு தள்ளித் தோண்டலாம் என்று வரைபடம் போட்டுக்கொண்டு தோண்டினார்கள். அதுவும் பாறை வரை போகவில்லை. முக்கியமாக, அப்போது அணைக்குள் தண்ணீர் இல்லை. தண்ணீர் நிரம்பிய பிறகு கரைக்குக் கீழே மண்ணுக்குள் ஒரு அழுத்தம் உட்கார்ந்துவிடுகிறது. அது எந்த அடுக்கு வழியாக வெளியே வர முடியுமோ அந்த வழியைத் தேடிக்கொண்டே இருக்கும்.

ஜனவரி 10

மேலே 6-ஆம் தேதி சொன்னதில் ஒரு சேர்க்கை வேண்டும். 600 மீட்டரில் கரைக்கு ஒன்றும் ஆகாது என்பது 'பெரும்பாலான இடங்களில்'. எந்த இடங்களில் அது பொருந்தாது என்பதுதான் விஷயம்.

அணை கட்டிய இடத்தில் ஆறு ஒரே தடத்தில் ஓடியிருக்காது. பழைய தடங்கள் கூழாங்கல்லும் சரளையுமாக மண்ணுக்கடியில் கிடக்கும். அப்படி ஒரு சரளை அடுக்கு கரைக்கு அடியில் புகுந்து குவாரி நிலம் வரை தொடர்ந்தால், நடுவில் 600 மீட்டர் என்பது வெறும் எண். தண்ணீர் அந்த அடுக்கில் சுலபமாக நகரும். மேலே மூடியிருக்கும் களிமண்ணை வழித்துக் குழி போட்டால், கசிவு வெளியே வரும் வாசலைக் கரைக்குப் பக்கமாக நகர்த்தி வைத்ததாகிறது. கசிவு வேகம் எடுத்தால் மண்துகளையும் கூட இழுத்து வரும். உள்ளே குழாய் போல அரித்துக்கொண்டு பின்னோக்கிப் போகும். 1898-இல் கங்கையில் நரோரா அணைக்கட்டு போனது இப்படித்தான், மேலே வழிந்து உடையவில்லை, அடியில் கசிந்து உடைந்தது. 1976-இல் அமெரிக்காவின் டீட்டன் மண் அணை முதல் முறை நிரம்பும்போதே உள்ளரிப்பால் காலையில் கசிந்து மதியத்துக்குள் இல்லாமல் போனது.

உங்கள் அணை டீட்டன் ஆகும் என்று சொல்லவில்லை. அந்தச் சரளை அடுக்கு இருக்கிறதா இல்லையா என்று யாராவது துளை போட்டுப் பார்த்தார்களா என்றுதான் மனுவில் கேட்க வேண்டும். 'ஆபத்து' என்று நீங்கள் சொன்னால் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். 'துளையிட்ட அறிக்கை எங்கே' என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் குவாரிக்காரர்.

ஜனவரி 10, இன்னொன்று

52 அடி என்பது 15.8 மீட்டர். 2021 அணைப் பாதுகாப்புச் சட்டத்தில் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகள் வரும். 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவை கொள்ளளவு, நீளம் போன்ற நிபந்தனைகளோடு வரும். உங்கள் அணை சட்டத்துக்குள் வந்துவிடுகிறது, அந்த வகையில் நீங்கள் தப்பித்தீர்கள். ஆனால் உயரத்தை எங்கிருந்து அளந்தார்கள் என்று பாருங்கள், அடித்தளத்தின் ஆகத் தாழ்ந்த இடத்திலிருந்தா, தரைமட்டத்திலிருந்தா என்று. ஏரிக்கரைகள் பெரும்பாலும் இந்தச் சட்டத்தின் கண்ணில் படுவதே இல்லை. ஏரிக்குக் கீழே குவாரி வந்தால் கேட்க வேறு கதவைத்தான் தட்ட வேண்டும்.

ஜனவரி 12

'வெடி வைத்தால் அணை அதிருமா' என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள். கர்நாடகத்தின் கிருஷ்ணராஜ சாகர் அணை விவகாரத்தைப் பாருங்கள். பேபி பெட்டா மலைப் பக்கம் கல் குவாரி வெடிகள் பல வருஷமாகச் சண்டை. சோதனை வெடி வைத்து அதிர்வை அளக்கலாம் என்று வந்தபோது விவசாயிகள் அதையே எதிர்த்தார்கள், சோதனையின் பெயரால் அனுமதி வந்துவிடும் என்று. 2024 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் அணையைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் குவாரி வேலையே கூடாது, அணைப் பாதுகாப்புச் சட்டப்படி ஆய்வு முடியட்டும் என்று தடை போட்டது. அங்கே நிறையும் தண்ணீருக்காக மேட்டூர் கீழே காத்திருக்கிறது என்பதால் அது நம்ம விஷயமும்தான்.

20 கிலோமீட்டர் உங்களுக்கும் பொருந்தும் என்று மனுவில் எழுதாதீர்கள். அது அந்த அணைக்கான உத்தரவு. ஆய்வு முதலில், அனுமதி பிறகு என்ற வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 13

ஒரு நண்பர் முக்கொம்பை, அதாவது திருச்சிப் பக்கம் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடத்தில் உள்ள மேலணையை, இழுத்திருக்கிறார். நானே இழுத்திருப்பேன்.

2018 ஆகஸ்ட் 22 இரவு. கொள்ளிடம் மேலணையின் 45 மதகுகளில் 9 இடிந்து விழுந்தன. வெள்ளத்தின் உச்சம் கடந்த பிறகு. ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டியது, 182 வயது என்று அரசுத் தரப்பு வயதைச் சொன்னது. விவசாயிகள் ஆற்றில் மணல் அள்ளியதைச் சொன்னார்கள். அதே மாதம் திருச்சியில் பழைய கொள்ளிடம் இரும்புப் பாலமும் தூண் சரிந்து உடைந்தது. இரண்டும் ஒரே ஆறு, ஒரே வெள்ளம்.

வயதும் மணலும் ஒன்றையொன்று விலக்கும் காரணங்கள் இல்லை என்பதுதான் என் எண்ணம். ஆற்றுப் படுகையில் ஒரு பள்ளம் போட்டால் அது அங்கேயே நிற்பதில்லை. பள்ளத்தின் மேல்விளிம்பை ஆறு அரித்து அரித்து மேல்நோக்கி நகர்த்தும். வழியில் தடுப்பு ஏதாவது வந்தால் அதன் கால்மாட்டில் வந்து நிற்கும். தடுப்புக்குக் கீழே படுகை இறங்க இறங்க, மேலும் கீழும் நீர்மட்ட வித்தியாசம் கூடும், தளத்துக்கு அடியில் கசிவு தள்ளும் வேகமும் கூடும். 182 வருஷக் கட்டடம் அதைத் தாங்க முடியாமல் போனால் வயதா காரணம், பள்ளமா?

வேடிக்கை என்னவென்றால், காட்டன் அந்த மேலணையைக் கட்டியதே கொள்ளிடம் ஆழமாகிக்கொண்டே போய் காவிரித் தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொண்டதால்தான். படுகை இறங்கினால் தண்ணீர் உரிமை இடம் மாறும். தஞ்சாவூர் மிராசுதார்களுக்கு 1830-களிலேயே அது தெரியும்.

ஜனவரி 13, தொடர்ச்சி

ஆனால் கடைமடைக்காரன் கேட்டது ஆற்று மணல் இல்லை, பட்டா நிலக் கிராவல். இரண்டையும் குழப்பி மனு எழுதினால் 'இது ஆறே இல்லை' என்ற ஒரே வரியில் தள்ளுபடி செய்வார்கள்.

ஜனவரி 15

பொங்கல் வாழ்த்து. சர்க்கரைப் பொங்கல் மயக்கத்தில் எழுதுவதால் கொஞ்சம் நீளும்.

இனி நிஜமான விஷயம், தண்ணீர். நான் வேலை பார்த்த குவாரிக்குப் பக்கத்து நிலங்களில் நடந்ததைச் சொல்கிறேன். நம் பக்கத்துக் கிணற்றில் இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே செம்மண், அதற்குக் கீழே கிராவல், அப்புறம் சிதைந்த பாறை, அப்புறம் கெட்டிப் பாறை. ஊற்றுக்கண் எங்கே இருக்கும்? பெரும்பாலும் கிராவலும் பாறையும் சேரும் இடத்தில், அல்லது பாறை வெடிப்பில். மழைத் தண்ணீரும் வாய்க்கால் கசிவும் இறங்கி உட்காரும் இடம் அந்தக் கிராவல் அடுக்குதான். அதை லாரியில் ஏற்றிச் சாலைக்கு அனுப்பிவிட்டால் தண்ணீர் எங்கே உட்காரும்?

குழி ஆழமானதும் எல்லாக் கிணற்றுத் தண்ணீரும் அதற்குள் வடியத் தொடங்கும். குவாரிக்காரருக்கு அது தொல்லை, இரவும் பகலும் மோட்டார் வைத்து வெளியே இறைப்பார். எங்கள் குவாரியில் இறைத்த தண்ணீர் ஓடையில் போய் வீணானது. அந்த ஓடையிலிருந்து இரண்டு வயல் தள்ளி ஒருவர் போர் போட்டுத் தண்ணீர் வராமல் நின்றார். அவர் வந்து கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. 'இது எங்க பட்டா, எங்க குழித் தண்ணி' என்று மேலாளர் சொன்னார். சட்டப்படி அவர் சொன்னது தப்பும் இல்லை, அதுதான் எரிச்சல்.

1882 இந்திய வசதியுரிமைச் சட்டம், 7-ஆம் பிரிவு. குறிப்பிட்ட தடத்தில் ஓடாத நிலத்தடி நீரைத் தன் நில எல்லைக்குள் சேகரித்துப் பயன்படுத்த நிலத்துக்காரருக்கு உரிமை உண்டு. பக்கத்துக்காரன் கிணறு வற்றினால் அது அவன் தலையெழுத்து. தமிழ்நாட்டில் 2003-இல் நிலத்தடி நீருக்கு ஒரு சட்டம் இயற்றினார்கள். அமலுக்கே வராமல் 2013-இல் அதை நீக்கியும் விட்டார்கள். ஆக, வாய்க்கால் தண்ணீருக்கு ஆயக்கட்டுப் பதிவேடு (பாசனம் பெறும் நிலங்களின் கணக்கு) உண்டு, முறை உண்டு, கேட்க ஆள் உண்டு. அதே தண்ணீர் கசிந்து கிணற்றுக்குள் வந்துவிட்டால் அதற்கு அப்பனும் இல்லை ஆத்தாளும் இல்லை.

ஜனவரி 16

கசிவு நீர் என்றதும் கீழ்பவானிக்காரர்கள் வந்துவிட்டார்கள், எதிர்பார்த்ததுதான். பவானிசாகர் மண் அணை, 1955. வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர், 2.07 லட்சம் ஏக்கர். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவதா வேண்டாமா என்று நடந்த சண்டையின் மையமே இதுதான். கடைமடைக்காரர்கள் தண்ணீர் வழியிலேயே கசிந்து போகிறது என்றார்கள். மேல்பகுதிக்காரர்கள் அந்தக் கசிவுதான் எங்கள் கிணறு, எங்கள் குடிநீர் என்றார்கள். இரண்டு பேரும் சொன்னது உண்மை. நான் எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள், சொந்தக்காரர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

காலிங்கராயன், தடப்பள்ளி, அரக்கன்கோட்டை என்று பழைய பாசனங்களுக்கு முன்னுரிமை இருப்பதும் இதே பவானி நதியில்தான். தண்ணீர் உரிமை என்பதில் பாதி, யார் முதலில் வந்தார் என்பது. குவாரி கடைசியாக வந்தது. அதையும் மனுவில் ஒரு வரி எழுதலாம், செலவு இல்லை.

ஜனவரி 18

குழித் தண்ணீரைப் பற்றி ஒரு கேள்வி: 'குவாரி முடிந்ததும் குழி குளமாகி நிலத்தடி நீர் ஏறும் என்று விண்ணப்பத்தில் போட்டிருக்கிறார்களே?'

போடுவார்கள். திறந்த தண்ணீர் பரப்பில் ஆண்டுக்கு ஒன்றரை மீட்டர் ஆவியாகும் என்று குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். 4.80 ஹெக்டேரில் 72,000 கன மீட்டர், சுமார் 25 லட்சம் கன அடி. அணைக் கணக்கில் இது தூசு, டிஎம்சியில் எழுதினால் புள்ளிக்குப் பிறகு இரண்டு சைபர் வரும். ஆனால் சுற்றியிருக்கும் கிணறுகளின் கணக்கில் தூசு இல்லை. மண்ணுக்கடியில் நிழலில் இருந்த தண்ணீரை வெயிலில் வைத்ததற்கான வாடகை அது. மழைக் காலத்தில் ஓடைத் தண்ணீர் குழிக்குள் விழுந்தால் கொஞ்சம் ஊறும் என்பதும் உண்மைதான், மறுக்கவில்லை. அந்த ஓடை எந்த ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

ஜனவரி 18

ஆமாம், அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிராம வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரத்து வாய்க்கால், ஓடைப் புறம்போக்கு எதுவும் அந்தச் சர்வே எண்ணை ஒட்டியோ ஊடுருவியோ போகிறதா என்று பாருங்கள். வரைபடத்தில் கோடு இருந்து தரையில் வாய்க்கால் இல்லாவிட்டால் இன்னும் நல்லது, அதாவது உங்கள் மனுவுக்கு நல்லது. புகைப்படம் எடுங்கள்.

ஜனவரி 20

'சவுடு மண்' என்று பேர் மாற்றி வந்தால் என்ன செய்வது என்கிறார் ராமநாதபுரம் பக்கத்து நண்பர். சவுடு என்று அனுமதி வாங்கி அடியில் இருந்த மணலை அள்ளிய கதை அங்கே ஊரறிந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021 பிப்ரவரியில் சவுடு போன்ற பேச்சுவழக்குப் பெயர்களில் அனுமதி தரக்கூடாது, மண்ணில் என்ன கனிமம் இருக்கிறது என்று ஆய்வு செய்த பிறகே தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. கிராவலுக்கும் இதே கேள்வியைப் போடலாம்: ஆய்வகத்தில் சோதித்த அறிக்கை எங்கே?

சாலைப் பணிக்கு எடுக்கும் மண்ணுக்கு அனுமதியே வேண்டாம் என்று யாராவது சொன்னால், அந்த விலக்கு 2020 மார்ச்சில் வந்தது, 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. இன்னும் பழைய தாளை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஜனவரி 21

ஒருவர் என்னை 'குவாரிக்காரனின் கைக்கூலி' என்று திட்டியிருக்கிறார், அணை உடையும் என்று எழுத வேண்டாம் என்றதற்கு. கூலி வாங்கியது உண்மை, மாதச் சம்பளமாக, அதுவும் கடைசி இரண்டு மாதம் வரவில்லை.

அண்ணே, நான் சொல்வது ஒன்றுதான். அனுமதிக் கோப்பில் தூரத்தை நேர்க்கோட்டில் அளக்கிறார்கள். இத்தனை மீட்டருக்கு அப்பால் இருந்தால் போதும் என்று ஒரு கட்டத்தில் டிக் போடுகிறார்கள். தண்ணீர் நேர்க்கோட்டில் போவதில்லை. 600 மீட்டர் போதுமா போதாதா என்று நீங்கள் வாதாடத் தொடங்கினாலே அவர்கள் அளவுகோலை ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். தண்ணீர் எந்த அடுக்கில் எந்தப் பக்கம் போகிறது என்று கேளுங்கள். அந்தக் கட்டத்தில் டிக் போட அவர்களிடம் தாள் இருக்காது.

ஜனவரி 24

கடைமடைக்காரன் புது மனுவின் வரைவைப் போட்டிருக்கிறார். பழையதைவிட எவ்வளவோ மேல். இரண்டு திருத்தம். 'விவசாயம் அழிந்து பாலைவனமாகும்' பத்தியை எடுத்துவிடுங்கள், எல்லா மனுவிலும் அது இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. அந்த இடத்தில் அணையின் கசிவு அளவைக் கேளுங்கள். மண் அணைக்குக் கீழே கசிவு வடிகாலில் ஆங்கில வி வடிவத்தில் வெட்டிய தகடு ஒன்று இருக்க வேண்டும், அதில் வழியும் தண்ணீரைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். கடந்த பத்து வருஷப் பதிவை நீர்வளத் துறையிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதிவு வந்தால் அது உங்கள் ஆதாரம். 'பதிவு பராமரிக்கப்படவில்லை' என்று பதில் வந்தால் அது அதைவிடப் பெரிய ஆதாரம்.

இன்னொன்று, மனுவை ஆட்சியருக்கு மட்டும் அனுப்பாதீர்கள். கனிம வளத் துறை, மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம், அணைப் பாதுகாப்பு அமைப்பு, எல்லோருக்கும் நகல். நேரில் கொடுத்தால் முத்திரை போட்ட நகலை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

ஜனவரி 27

கிணறு அளக்கிறார்களாம், இளைஞர்கள் சேர்ந்து. ரொம்ப நல்லது. எப்படி அளப்பது என்று கேட்டதற்கு: கயிற்றில் கல் கட்டினால் போதும், கருவி எதுவும் வேண்டாம். கிணற்றின் வாய் விளிம்பில் ஒரே இடத்தில் பெயிண்ட் அடையாளம் வைத்து அங்கிருந்தே எப்போதும் அளக்க வேண்டும். சர்வே எண், தேதி, நேரம், அளந்தவர், நிலத்துக்காரர் கையெழுத்து. போர் என்றால் மின்வாரிய இணைப்பு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். ஊராட்சித் தலைவரோ கிராம நிர்வாக அலுவலரோ ஒரு முறையாவது கூட நின்று கையெழுத்துப் போட்டால் பிறகு யாரும் அதைப் பொய்க் கணக்கு என்று சொல்ல முடியாது.

காலையில் மோட்டார் போடுவதற்கு முன்னால் அளக்கச் சொல்லுங்கள். இலவச மின்சாரம் இரவில் வரும் பக்கம் என்றால் முந்தின நாளே நிலத்துக்காரரிடம் சொல்லி நிறுத்தி வைக்க வேண்டும். அதற்கு அவர் சம்மதிப்பாரா என்பது உங்கள் ஊர்ப் பிரச்சினை.